செவ்வாயிலும் ஒரு டெல்டா உண்டு, தண்ணீர்தான் இல்லை

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் மதகு தூக்கியாயிற்று, கல்லணையில் பூத்தூவித் தண்ணீரும் பிரித்துவிட்டாயிற்று என்பதால் மட்டும் வயலில் நீர் நின்றுவிடாது. இதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் மடையைத் திறந்துவிட்டு வந்திருப்பார்கள். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் நாற்றின் அடி தெரிய வெறும் சேறு கிடக்கும். வரப்போரமாக நடந்தால் ஒரு நண்டு வளையும், ராத்திரி முழுக்கப் பக்கத்து வயலுக்கு ஒழுகிய தடமும் கண்ணில் படும். வளை இல்லையென்றால் சேற்றுழவு சரியில்லை, தண்ணீர் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். நீர் வந்து சேர்வது ஒரு கணக்கு, நிற்பது வேறு கணக்கு.

ஒரு பாறைக்கோளில் திரவ நீர் இருக்குமா என்ற கேள்விக்கும் இதே இரண்டு கணக்குதான். "நட்சத்திரத்திலிருந்து சரியான தூரத்தில் ஒரு புதிய கோள்" என்று செய்தியில் வந்தால், அது மேட்டூர் திறந்த செய்தி மாதிரி. அது நடந்தே ஆக வேண்டும், ஆனால் கடைமடை வயல் நனைந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கிய ஜெசீரோ பள்ளத்தின் விட்டம் சுமார் 45 கி.மீ. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடச் சற்று அதிகம். அதன் மேற்கு விளிம்பில் ஓர் ஆறு உள்ளே நுழைந்து, விசிறியாகப் பிரிந்து, வண்டல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஓடும் நீர் தேங்கிய நீரில் போய் முட்டி வேகம் இழக்கும்போது முதலில் பருமணலும் பிறகு நுண்வண்டலும் படியும். சாய்ந்த அடுக்குகள், அவற்றின்மேல் படுத்த அடுக்குகள் என்று அது ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அமையும். ஊர்தியின் படங்களில் அந்த ஒழுங்கு அப்படியே தெரிந்தது. அதாவது 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே ஏரி நின்றிருக்கிறது. இன்று ஒரு சொட்டு இல்லை. இத்தனைக்கும் செவ்வாய் தன் இடத்தைவிட்டு நகரவில்லை.

முதலில் மூடி

நீர் திரவமாக இருக்க வெப்பம் சரியாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெப்பத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது அழுத்தம். கடல்மட்டத்தில் நம் தலைமேல் உள்ள காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. அளவில் 1013 மில்லிபார். அந்த அழுத்தத்தில் நீர் 0 டிகிரியில் உறைந்து 100 டிகிரியில் கொதிக்கிறது. அழுத்தம் குறைந்தால் உறைநிலை கிட்டத்தட்ட அசையாது, கொதிநிலை மட்டும் சரசரவென்று இறங்கும். ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே உலை கொதித்துவிடும், ஆனால் பருப்பு வேகாது. குக்கரில் அழுத்தம் இரட்டிப்பானால் கொதிநிலை 120 டிகிரியாகும், அதே பருப்பு குழைந்துவிடும்.

அழுத்தத்தை இறக்கிக்கொண்டே போனால் 6.1 மில்லிபாரில் கொதிநிலை உறைநிலையையே தொட்டுவிடும். அதற்குக் கீழே தூய நீருக்குத் திரவம் என்ற நிலையே கிடையாது. பனிக்கட்டி நேரே ஆவியாகும், நம் வீட்டுக் கற்பூரம் போல. செவ்வாயின் சராசரி அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 6 மில்லிபார். எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அங்கே ஹெல்லாஸ் என்ற ஆழமான பள்ளத்தின் அடியில் 12 மில்லிபார் வரை ஏறும்; அங்கு நீர் 10 டிகிரியில் கொதிக்கும். ஆக திரவத்துக்குக் கிடைப்பது 0 முதல் 10 டிகிரி வரை ஒரு சன்னமான இடுக்கு. அதையும் வறண்ட காற்று உறிஞ்சிக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மருந்துக்கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து 50 டிகிரி அளவுக்கு, அதாவது விரல் வைத்தால் சுடும், ஆனால் பொறுக்கும் என்ற அளவுக்கு ஆறவிடுங்கள். 5 மில்லி உறிஞ்சி, முனையை மேலே பிடித்துத் தட்டி, உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியே தள்ளுங்கள். முனையைக் கட்டைவிரலால் இறுக மூடிக்கொண்டு தண்டை 15 மில்லிக் கோடு வரை இழுங்கள். நீர் குமுறிக் கொதிக்கும். 50 டிகிரி நீர், வழக்கமான காற்றழுத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போனால் கொதித்துத்தான் ஆக வேண்டும். தண்டை விட்டதும் குமிழிகள் சட்டென்று மறைய வேண்டும். மறையாமல் ஒரு குமிழி தங்கிவிட்டால் அது நீராவி அல்ல, காற்று. விரல் வழியே கசிந்திருக்கும் அல்லது தண்ணீரைச் சரியாகக் கொதிக்கவைக்காததால் கரைந்திருந்த காற்று வெளிவந்திருக்கும். பச்சைத் தண்ணீரில் செய்து ஏமாறுபவர்களே அதிகம்.

உப்பு இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தும். வேதாரண்யம் உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் லேசில் காயாது. அதில் உள்ள மக்னீசிய உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டது. கால்சியம் பெர்குளோரேட்டின் அடர்கரைசல் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். ஈரப்பிசுக்கு கிடைக்கலாம், ஆனால் ஏரி கிடைக்காது.

போன் கால்குலேட்டரில் ஒரு கோளின் வெப்பம்

பூமிக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் சூரிய ஒளி விழுகிறது. கோள் உருண்டை, பாதி எப்போதும் இருட்டு, ஓரங்களில் ஒளி சாய்ந்து விழும். எல்லாவற்றையும் சராசரியாக்க நான்கால் வகுத்தால் போதும்: 340. மேகமும் பனியும் மணலும் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மீதி 238. இவ்வளவு வெப்பத்தைக் கோளும் வெளியே விட்டாக வேண்டும். எந்த வெப்பநிலையில் இவ்வளவு விடும் என்று அறிய, வெப்பக்கதிர் விதிப்படி 238-ஐ 5.67-ஆல் வகுத்து, பத்துக் கோடியால் பெருக்கி, சதுரமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 254 அல்லது 255 வரும். இது கெல்வின் அளவு. அதிலிருந்து 273-ஐக் கழித்தால் மைனஸ் 18 டிகிரி.

பூமியின் உண்மையான சராசரி 15 டிகிரி. இடையில் உள்ள 33 டிகிரியைக் கொடுப்பது காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும். தரை விடும் அகச்சிவப்புக் கதிரை அவை பிடித்து, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகின்றன. பசுங்குடில் விளைவு என்பது இந்தப் போர்வைதான். இதை நாம் வருடா வருடம் உடம்பாலேயே உணர்கிறோம். ஐப்பசி அடைமழையில் மேகம் மூடிய ராத்திரி புழுங்கும். மேகம் விலகிக் காற்று வறண்ட தை மாதத்தில் அதே ஊரில் போர்வை தேவைப்படும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மாவா?

இப்போது வெள்ளிக்கு அதே கணக்கைப் போடுங்கள். அங்கே விழும் ஒளி 2601 வாட், நான்கால் வகுத்தால் 650. ஆனால் அதன் வெண்மேகங்கள் 76 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 156. விடை மைனஸ் 44 டிகிரி! காகிதக் கணக்கில் வெள்ளி பூமியைவிடக் குளிரான கோள். தரையில் உண்மையில் 464 டிகிரி, ஈயம் உருகும் சூடு. நீருக்கு 374 டிகிரி என்று ஓர் உச்சவரம்பு உண்டு; அதைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் நீர் திரவமாக இராது. எனவே வெள்ளியில் 92 மடங்கு காற்றழுத்தம் இருந்தும் பயனில்லை. மூடி கனமாகத்தான் இருக்கிறது, அடுப்பு அதைவிட அதிகமாக எரிகிறது.

செவ்வாய்க்கு 590 வாட், திருப்பி அனுப்புவது 25 சதவீதம். விடை மைனஸ் 63 டிகிரி. அங்கே பசுங்குடில் விளைவு தருவது சுமார் 5 டிகிரிதான். வேடிக்கை என்னவென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே உள்ள கரியமில வாயுவை எடை போட்டால் செவ்வாயில் பூமியைப் போல் இருபது மடங்குக்கும் மேல் இருக்கும். அப்படியும் ஏன் சூடேறவில்லை? மெல்லிய காற்றில் மூலக்கூறுகள் மோதிக்கொள்வது குறைவு. அதனால் அவை பிடிக்கும் கதிரின் அலைநீளப் பட்டைகள் ஒடுங்கிவிடும், இடைவெளிகளில் வெப்பம் தப்பிவிடும். துணைக்கு நீராவியும் இல்லை. போர்வை என்று பெயர், உள்ளபடி கொசுவலை.

இரண்டு பக்கமும் சரிவு

நீர் உள்ள கோள் சமதரையில் நிற்பதில்லை, வரப்பின்மேல் நிற்கிறது. ஒரு டிகிரி சூடேறினால் காற்று தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். நீராவியும் போர்வைதான், எனவே மேலும் சூடேறும். ஓர் அளவுவரை கோள் அதிக வெப்பத்தை வெளியே விட்டுச் சமாளித்துக்கொள்ளும். நீராவி அடர்ந்துவிட்டால் அதற்கும் ஓர் உச்சம் உண்டு, சதுர மீட்டருக்கு 280, 290 வாட் அளவில். அதற்குமேல் உள்ளே வந்தால் வெளியே விட வழியில்லை, கடல் தீரும்வரை கொதிக்கும். நாம் இப்போது 238-இல் இருக்கிறோம் என்பதை மேலே பார்த்தோம். இடைவெளி அப்படியொன்றும் பெரிதல்ல.

கடல் ஆவியானாலும் காற்றில்தானே இருக்கும், மீண்டும் மழையாகப் பெய்யாதா என்று கேட்கலாம். பெய்யும், மேலே போகாதவரை. இட்லிப்பானை மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, வேர்த்துச் சொட்டும். தஞ்சாவூருக்கு மேலே 16, 17 கி.மீ. உயரத்தில் காற்று மைனஸ் 80 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. ஏறிவரும் நீராவி அங்கே பனித்துகளாகி இறங்கிவிடும். அதைத் தாண்டுவது பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே. இதனால்தான் பூமி இன்று விண்வெளிக்கு இழக்கும் ஹைட்ரஜன் வினாடிக்கு 3 கிலோ அளவில் நிற்கிறது. இந்த வேகத்தில் 400 கோடி ஆண்டு இழந்தாலும் கடலில் ஒரு சதவீதம்கூடக் குறையாது.

தரையின் சராசரி 60, 70 டிகிரியை நெருங்கினால் இந்த மூடி சூடாகிவிடும். நீராவி உச்சிவரை ஏறும், புற ஊதாக் கதிர் அதை உடைக்கும், ஹைட்ரஜன் தப்பிப்போகும், ஆக்சிஜன் தரைப்பாறையோடு சேர்ந்து துருவாகும். வெள்ளியில் நடந்ததற்குத் தடயம் இருக்கிறது. ஹைட்ரஜனில் சாதாரண வகை, அதைப் போல் இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் என்று இரண்டு உண்டு. எடை குறைந்தது சுலபமாக ஓடிவிடும், கனமானது தங்கும். உப்பளத்தில் நீர் போகப்போக உப்பு செறிவதைப் போல, கோளில் நீர் போகப்போக டியூட்டீரியம் செறியும். வெள்ளியின் காற்றில் அதன் விகிதம் பூமியில் உள்ளதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். செவ்வாயில் ஐந்தாறு மடங்கு. இதே விகிதத்தை அளக்க, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சென்றடைந்த மங்கள்யானிலும் இஸ்ரோ ஒரு கருவி வைத்து அனுப்பியிருந்தது.

மறுபக்கச் சரிவு குளிர். கடல் தன்மேல் விழும் ஒளியில் 6 சதவீதம் அளவுக்கே திருப்பி அனுப்பும். புதுப்பனி 80 சதவீதத்துக்கும் மேல் அனுப்பிவிடும். பனி பரவப் பரவக் கோள் குளிரும், குளிரக் குளிரப் பனி பரவும். பூமியே சுமார் 72 கோடி முதல் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இருமுறை இப்படி ஏறத்தாழ முழுக்க உறைந்துபோனது. ஆனால் மீண்டது. எப்படி?

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் செய்யும் வேலை

பூமி மீண்டது சுண்ணாம்பால் என்று சொன்னால் வெற்றிலைக்குத் தடவுவதா என்பார்கள். அதேதான். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல்சிப்பிகளும் சுருள்சுருளான அம்மோனைட் தொல்லுயிர்களும் கிடைக்கின்றன. டைனோசர் காலக் கடலடி அது. அந்தக் கல் 100 கிலோவைக் காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மிச்சம் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஒரு காலத்தில் காற்றில் இருந்த வாயு கல்லுக்குள் போய் உட்கார்ந்திருந்தது என்பதற்கு இதைவிடக் கண்ணால் காணும் சான்று வேண்டாம்.

அது கல்லுக்குள் போன வழி இது. மழைநீர் காற்றின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகப் பெய்கிறது. மலையிலுள்ள சிலிக்கேட் பாறைகளை அரித்துக் கால்சியத்தைக் கரைக்கிறது. ஆறு அதைக் கடலுக்குச் சுமந்துபோகிறது. காவிரியும் ஒவ்வொரு வெள்ளத்திலும் வண்டலோடு கண்ணுக்குத் தெரியாமல் இதைக் கொண்டுபோகிறது. கடலில் சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களும் அதை ஓடாகக் கட்டிக்கொள்கின்றன; அவை இறந்தால் கடலடியில் சுண்ணாம்புக்கல். கடலடித் தட்டு நகர்ந்து கண்டத்துக்கு அடியில் புகும்போது அந்தக் கல் வெந்து, வாயு எரிமலை வழியே திரும்ப வெளிவருகிறது. எரிமலை என்பது இயற்கையின் காளவாய். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: சுண்ணாம்புக்கல்லே மழையில் கரைவது இந்தக் கணக்கில் சேராது. அது எடுத்த வாயுவைக் கடலில் மறுபடி படியும்போது திருப்பிக் கொடுத்துவிடும். நிகரமாக வாயுவைக் குறைப்பது சிலிக்கேட் பாறை அரிப்பு மட்டுமே.

இந்தச் சுழற்சி வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் விதம் அழகானது. சூடு கூடினால் மழை கூடும், பாறை வேகமாக அரிக்கும், வாயு குறையும், கோள் குளிரும். கோள் பனியால் மூடிவிட்டால் மழை இல்லை, அரிப்பு நின்றுவிடும். ஆனால் எரிமலை பனிக்காக ஓய்வு எடுப்பதில்லை. வாயு லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் பனியை உருக்கும். உறைந்த பூமி மீண்டது இப்படித்தான். வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1981-இல் இதை வகுத்துக் காட்டினார்கள். 400 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் இன்றைய ஒளியில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட மட்டுமே கொடுத்தும் கடல் உறையாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். (இன்றைய புவி சூடேற்றத்தையும் இதுவே சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது மனித ஆயுள்களில் வேலை செய்யும் மதகு அல்ல.)

தரையில் திரவ நீர் நிற்கக்கூடிய தூரம், அதாவது சூரியக் குடும்பத்தின் "வாழத்தகு மண்டலம்" என்று போடப்படும் எல்லையே இந்தச் சுழற்சி நடக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டதுதான். பூமியின் தூரத்தை 1 என்று கொண்டால் 1993-ஆம் ஆண்டுக் கணக்கு 0.95 முதல் 1.37 வரை என்றது. 2013-இல் ரவிகுமார் கொப்பரப்பு குழு 0.99 முதல் ஏறத்தாழ 1.7 வரை என்று திருத்தியது. செவ்வாய் இருப்பது 1.52-இல். மண்டலத்துக்குள்ளேதான் இருக்கிறது!

அப்புறம் ஏன் காய்ந்தது? சின்னக் கோள் என்பதுதான் அடிப்படை. எடை பூமியில் பத்தில் ஒரு பங்கு. சின்னப் பாத்திரத்துச் சோறு சீக்கிரம் ஆறுவது போல உள்வெப்பம் சீக்கிரம் போயிற்று. உள்ளே உருகிய இரும்பு சுழன்று உண்டாக்கிய காந்தப்புலம் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அணைந்தது. எரிமலைகளும் வாயுவை ஈடுகட்டும் அளவுக்கு எரியவில்லை. ஈர்ப்பை மீறித் தப்ப பூமியில் வினாடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும், செவ்வாயில் 5 கி.மீ. போதும். 2014 முதல் அங்கே சுற்றிய மேவன் கலம், சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம், வினாடிக்கு 100 கிராம் அளவில் வாயுவைப் பிய்த்துக்கொண்டு போவதை அளந்தது. இளஞ்சூரியன் சீறிக்கொண்டிருந்த காலத்தில் இது பல மடங்கு. காந்தப்புலம் ஒன்றே காப்பாற்றும் என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை, காற்று மட்டும் மலைபோல் இருக்கிறது. எடையும் எரிமலையும்தான் பெரிய காரணம் என்பதே நம் கணிப்பு.

நீர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, பூமியின் கடல்நீர் அதைப் போல் சுமார் 50 கோடி மடங்கு. ஆனாலும் பூமியின் எடையில் அது 0.02 சதவீதத்தைச் சற்றே தாண்டும். இதைப் பல மடங்கு கூட்டினால் மலைகளும் மூழ்கிவிடும். மழை பெய்து அரிக்கத் தரைப்பாறை இருக்காது, சுண்ணாம்புச் சுழற்சி தள்ளாடும். பயிருக்கு நீர் வேண்டும் என்பதற்காக வயலை ஏரியாக்க முடியாதே.

எனவே அடுத்த முறை புதிய கோள் பற்றிய செய்தி வந்தால் சிலவற்றைத் தேடிப் பாருங்கள். கொடுத்திருக்கும் வெப்பநிலை நாம் கால்குலேட்டரில் போட்ட வகையா? அப்படியென்றால் வெள்ளிக்கு அது மைனஸ் 44 என்பதை மறக்க வேண்டாம். விட்டமும் எடையும் இரண்டுமே தெரியுமா? தெரியாவிட்டால் அது பாறையா, வாயு உருண்டையா என்பதே உறுதியில்லை. காற்று இருப்பதை யாராவது பார்த்தார்களா? நட்சத்திரம் சிவப்புக் குறுமீனா, அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரமா? அவை இளமையில் வெகுகாலம் சீறி, அருகிலுள்ள கோளின் நீரையும் காற்றையும் பறித்துவிடக்கூடியவை. 2017-இல் அறிவிக்கப்பட்ட டிராப்பிஸ்ட்-1 குடும்பத்தின் ஏழு கோள்களும் அப்படி ஒரு நட்சத்திரத்தைத்தான் சுற்றுகின்றன. அதன் மிக உள்ளிருக்கும் கோளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் பார்த்தபோது குறிப்பிடத்தக்க காற்று எதுவும் தென்படவில்லை.

ஜெசீரோவை நாசா தேர்ந்தெடுக்க டெல்டா மட்டும் காரணமல்ல. பள்ளத்தின் உள்விளிம்பில் கார்பனேட் பாறை, அதாவது சுண்ணாம்புக்கல் போலக் கரியமில வாயுவை அடக்கிய கல், இருப்பது சுற்றுக்கலங்களின் படங்களிலேயே தெரிந்திருந்தது. வேறொரு பள்ளமான கேலில் கியூரியாசிட்டி ஊர்தி துளைத்தெடுத்த சில பாறைத்தூள்களில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் 5 முதல் 10 சதவீதம்வரை இருந்ததாக 2025-இல் ஆய்வு வந்தது. செவ்வாயின் பழைய காற்றில் ஒரு பங்கு அரியலூரில் போலவே கல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதைச் சுட்டுத் திரும்ப எடுக்கும் காளவாய்தான் அங்கே அணைந்து கிடக்கிறது.